எச் பிளாக்கின் இரண்டாம் வெயில்

“நேத்துப் பொழுதடைஞ்ச பெறவும் நம்ம மொட்டைமாடில கொஞ்ச நேரம் வெயில் அடிச்சுதுக்கா, எடுத்த துணிய நான் மறுபடி விரிச்சேன்னா பாத்துக்கிடுங்க” என்று குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது ஜெபக்கனியின் காதில் விழுந்தபோது, அவள் தன் நாய் பைலட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். “காஞ்சுதா?” என்று மட்டும் கேட்டாள் மற்றவள். “காஞ்சுது” என்றாள் முதலாமவள். குடம் நிறைந்தது, இருவரும் அவரவர் படியேறிப் போனார்கள்.

ஜெபக்கனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் காதில் வேறொரு சத்தம் இருந்தது. வருடாந்திர ஊசி போடப் போன இடத்தில், டாக்டரம்மா பைலட்டின் நெஞ்சில் குழலை வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டுவிட்டு, “நீங்களும் கேட்டுப் பாருங்க” என்று குழலை இவள் காதில் மாட்டிவிட்டார். லப், டப் என்ற இரண்டு தட்டலுக்கும் நடுவே, அலை பின்வாங்கும்போது மணலில் கேட்குமே, அப்படி ஒரு உஸ்ஸ்.

“இதயத்துல மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல சின்னதா ஒரு கதவு இருக்கும்மா. பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதி நாய்ங்களுக்கு வயசாக ஆக அந்தக் கதவு தடிச்சுப் போயிடும், முழுசா மூடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால போற ரத்தத்துல கொஞ்சம் பின்னால திரும்பி வந்துடும். அதோட சத்தம்தான் இது.”

“திரும்பி வந்தா என்ன ஆகும்?”

“இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. இந்தச் சத்தத்தோடயே வருஷக்கணக்கா நல்லா இருக்கிற நாய்ங்க நிறைய. ஆறு மாசம் கழிச்சு ஒரு எக்ஸ்ரே பார்ப்போம். உப்பு மட்டும் வேண்டாம்.”

தூத்துக்குடியில், உப்பளத்துச் சாலையில், காற்றையே நக்கினால் கரிக்கும் இடத்தில் இருந்துகொண்டு ஒரு நாய்க்கு எப்படி உப்பில்லாமல் சோறு போடுவது என்று யோசித்துக்கொண்டேதான் ஜெபக்கனி அன்று ஐம்பத்து நான்கு படிகளையும் ஏறி மூன்றாம் மாடிக்குப் போனாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். கணவர் ஞானதுரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், மூன்று வருடத்துக்கு முன் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். வெளியே நிற்கும் கப்பலுக்கு வழிகாட்டிக் கரைக்குக் கூட்டிவரும் படகுக்குப் பைலட் என்று பேர். தினமும் படிக்கட்டு வரை வந்து தன்னை வீட்டுக்குக் கூட்டிப்போன வெள்ளைப் பஞ்சு நாய்க்கு அவர் வைத்த பேர் அது. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அவர் விட்டுப்போன உயிர் அது ஒன்றுதான்.

முதலில் ஏழு நிமிடம். சூரியன் உப்பளங்களுக்கு அப்பால் இறங்கி, விளக்கு போட்டு, கொசுவுக்கு ஜன்னலைச் சாத்திய பிறகு, அவள் குடியிருந்த எச் பிளாக்கின் மேல் மட்டும், பக்கத்து ஜி பிளாக்கின் சுவரைக்கூடத் தொடாமல், நாலு மணி வெயில் திரும்பி வந்து ஏழு நிமிடம் நின்றுவிட்டுப் போனது. அடைந்த காக்கைகள் எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடைந்தன. மூன்றாம் நாள் பிள்ளைகள் அதை இரண்டாம் வெயில் என்றார்கள், அந்தப் பேரே நிலைத்தது. ஒரு மாதத்தில் அது பன்னிரண்டு நிமிடம் ஆனபோது மொட்டைமாடிக் கொடிக்குச் சண்டை வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோயில்பிச்சை, நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர், மாடிப்படியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: இரண்டாம் வெயிலில் துணி காயப்போடும் முறை, தரைத்தளமும் முதல் மாடியும் ஒற்றைப்படைத் தேதிகளில், மற்றவர்கள் இரட்டைப்படைத் தேதிகளில், கருவாடு எந்தத் தேதியிலும் கூடாது. கீழே யாரோ பென்சிலால், “வத்தல்?” என்று எழுதினார்கள். அடுத்த நாள் அவர் சிவப்பு மையில், “வத்தல் போடலாம்” என்று பதில் எழுதினார். மழை வருவதற்கும் கரண்டு போவதற்கும் எப்படிப் பழகினார்களோ அப்படியே இதற்கும் பழகினார்கள். காரணம் கேட்க யாருக்கும் நேரமில்லை.

காரணம் தெரிந்ததும் தற்செயலாகத்தான். நாசரேத்தில் இருக்கும் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஜெபக்கனி பைலட்டோடு போய் இரண்டு நாள் தங்கினாள். அந்த இரண்டு நாளும் எச் பிளாக்கில் இரண்டாம் வெயில் இல்லை. தடையை மீறி ஐரின் காயப்போட்டிருந்த சாளைக் கருவாடு நாறிப்போனது. எதிர்வீட்டு ஐரின் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஜெபக்கனி பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கதவில் நின்றாள்.

“எக்கா, உண்மையச் சொல்லுங்க. ஒங்க தங்கச்சி வீட்டுல பொழுதடைஞ்ச பெறவு வெயில் அடிச்சுதா?”

“அடிச்சுது. அவ வீட்டுல எல்லாரும் பயந்துட்டாவ.”

“அப்ப வெயிலு ஒங்க நாய் பின்னாலதான் சுத்துது. எங் கருவாட்டுக்கு இனி நீங்கதான் பொறுப்பு.”

அதன்பிறகு பைலட் படியிறங்கும்போது வழிவிட்டார்கள். வயதான பெண்கள் அதன் நெற்றியைத் தொட்டுத் தம் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அதற்கு எதுவும் தெரியாது. வழக்கம்போல மூன்றாவது தூணில் காலைத் தூக்கியது, ஜி பிளாக் பூனையைப் பார்த்துக் குரைத்தது, குரைத்து முடித்ததும் கழுத்தை நீட்டி இரண்டு முறை இருமியது.

வெயிலோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. நாலாவது மாதத்தில் தண்ணீர் வந்தது, காலையில் நின்றுபோன குழாயில் மாலையில் சரியாக ஒரு குடம். பிறகு மத்தியானம் கொதித்து இறங்கிய மீன்குழம்பின் வாசனை, கழுவிக் கவிழ்த்த சட்டியிலிருந்து. பிறகு சத்தங்கள். அந்த வீடுகளிலிருந்து எது எது போயிருந்ததோ அதில் கொஞ்சம், முழுதும் அல்ல, கொஞ்சம், இரண்டாம் வெயில் நிற்கும் நேரம் மட்டும் திரும்பி வந்தது. கோயில்பிச்சையின் மகன் பதினாலு வருடத்துக்கு முன் கனடாவுக்குக் கிளம்பியபோது வாசலில் சொன்ன வார்த்தை வாசலில் கேட்டது. தரைத்தளத்து ஆட்டோக்காரன் பேச்சிமுத்துவின் மகள், மூளைக்காய்ச்சலில் போன பிள்ளை, தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் கயிறு தாண்டும் சத்தம் கேட்டது, கூடவே எண்ணும் குரலும். ஒண்ணு, ரெண்டு, மூணு. பேச்சிமுத்து அந்த நேரத்துக்குச் சவாரி எடுப்பதை விட்டான். தொட்டி மேல் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிள்ளை உயிரோடு இருந்த காலத்தில் அவன் சாயங்காலங்களில் வீட்டில் இருந்ததில்லை, அவள் எத்தனை வரை எண்ணுவாள் என்று அவனுக்குத் தெரியாது.

ஜெபக்கனியின் வீட்டுக்கு எதுவும் வரவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் சொல்லவில்லை. ஆனால் படிக்கட்டில், முதல் படியிலிருந்து, ஒரு செருப்பு தட்டியும் ஒரு செருப்பு இழுத்தும் ஓர் ஆள் ஏறிவரும் சத்தம் தினமும் கேட்டது. கிரேனிலிருந்து இறங்கும்போது ஒருமுறை முறிந்து கோணலாகக் கூடிய இடதுகால் அது. தட்டு, இழுப்பு, தட்டு, இழுப்பு. பைலட் கதவுக்குப் போய் மூக்கை இடுக்கில் வைத்து வாலை ஆட்டும். ஜெபக்கனி உள்ளே நின்று எண்ணுவாள். பன்னிரண்டாவது படியில் நின்றுவிடும், வெயில் போய்விடும். அடுத்த வாரம் பதினெட்டாவது படி. மாதம் முடிவதற்குள் இருபத்தேழு. ஐம்பத்து நாலுக்கு இருபத்தேழு சரிபாதி என்று அவள் கணக்குப் போட்டாள். கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆறாவது மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெஞ்சுக்கூட்டுக்குள் வெள்ளையாகப் பரந்து கிடந்ததைக் காட்டினார்.

“இதயம் பெருசாயிருக்கும்மா. மூச்சுக்குழாயைத் தூக்கிப் பிடிக்குது, அதான் இருமல். இனிமே மாத்திரை வேணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு வேளைகூட விடக்கூடாது.”

“குணமாயிருமா?”

“ஆகாது. தள்ளிப் போடலாம். ஒழுங்கா குடுத்தா ஒரு வருஷம், சில நாய்ங்க அதுக்கு மேலயும் சந்தோஷமா இருக்கும். குடுக்காட்டி நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். கரையில இருந்துகிட்டே மூழ்கற மாதிரி அது. தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு தினமும் எண்ணுங்க. முப்பதுக்குள்ள இருக்கணும். தாண்டினா உடனே தூக்கிட்டு வந்துடுங்க.”

எண்ணுவது ஜெபக்கனிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆய்வகத்துப் பழைய நிறுத்துக் கடிகாரம் ஒன்று வீட்டில் இருந்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்திரண்டு. மாத்திரையை நேந்திரம்பழத் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தாள். பத்தே நாளில் இருமல் அடங்கியது. பைலட் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிக்கொண்டு அடுப்படி வரை போனது.

பத்தே நாளில் இரண்டாம் வெயில் இருபத்தாறு நிமிடத்திலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது. குழாயில் அரைக் குடம்தான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் பன்னிரண்டாம் படிக்குத் திரும்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பின் கோயில்பிச்சை நாலைந்து பேரோடு வந்தார். செருப்பை வெளியே விட்டார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், நாயைப் பார்த்துச் சிரித்தார்.

“மருந்தே குடுக்காதீயன்னு நான் சொல்லல தாயி. வாயில்லா ஜீவன். ஆனா டாக்டருமாரு எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாவ.”

“அப்ப ஒங்க பிரஷர் மாத்திரையப் பாதியா ஒடிச்சுத் தின்னுங்க அண்ணாச்சி” என்றாள் ஐரின் வாசலிலிருந்து.

“நம்ம கதை வேற, ஐரினு.”

“என்ன வேற? ஒங்களுக்கு வாலு இல்ல, அம்புட்டுதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பின் கோயில்பிச்சை தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எம் மவன் போகும்போது என்ன சொல்லிட்டுப் போனான்னு எனக்கு மறந்தே போச்சு தாயி. பதினாலு வருசம். அவங்கம்மா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தா, நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். இப்ப தெனமும் சொல்லுதான். ‘குளிருக்கு முன்னாடி வந்துருவேம்ப்பா’ன்னு. நேத்து ‘குளிருக்கு’ன்னு சொல்லும்போதே வெயில் போயிட்டு.”

பேச்சிமுத்து உள்ளே வரவே இல்லை, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஒனக்கு எத்தனை, பேச்சி?” என்று ஐரின் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“பதினெட்டு.”

“முந்தி?”

“நாப்பத்தொண்ணு.” பிறகு ஜெபக்கனியைப் பார்த்து, “நான் ஒண்ணும் சொல்லலக்கா. நீங்க குடுக்கிறதக் குடுங்க” என்றான்.

மறுநாள் காலை ஜெபக்கனியின் வாசல்படியில், ஒரு சிறிய இலைத்துண்டில், உப்புப் பூத்த நெத்திலிக் கருவாடு கொஞ்சம் வைத்திருந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. பைலட் மோப்பம் பிடித்து வருவதற்குள் காலால் ஒதுக்கினாள். கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய மாலைதான் அவள் மாத்திரையைக் காய்நறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பழத்துக்குள்ளும் மறுபாதியை டப்பாவுக்குள்ளும் வைத்திருந்தாள்.

ஒரு வேளைதான் என்று நினைத்தாள். பிறகு இந்த வாரம் மட்டும் என்று நினைத்தாள். வெயில் பதினைந்தானது, இருபதானது, இருபத்தெட்டானது. குடியிருப்பில் ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கீழே இறங்கினால் முன்னைவிட அன்பாகச் சிரித்தார்கள், ஐரின் மட்டும் நாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். படிக்கட்டில் இருபத்தேழு தாண்டி முப்பது, முப்பது தாண்டி முப்பத்தாறு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சத்தம் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறியது. அவர் எப்போதும் அங்கே நிற்பார். அந்த இடத்தில் நின்று சட்டையில் அப்பிய நிலக்கரித் தூசியைத் தட்டுவார். தட்டும் சத்தமும் கேட்டது.

பைலட்டின் மூச்சு இருபத்தெட்டு. பிறகு முப்பத்தொன்று. கனவு காண்கிறது போல என்று ஜெபக்கனி கடிகாரத்தைத் திருப்பிவிட்டு மறுபடி எண்ணினாள். முப்பத்திரண்டு. இன்னொரு முறை எண்ணினாள். மூன்றாவது முறை இருபத்தொன்பது வந்தது, அல்லது வந்தது போலிருந்தது. அதை நோட்டில் எழுதினாள்.

அந்த வாரம் ஆய்வகத்தில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண் கண்ணாடிக் குழாயின் அளவுகோட்டைப் பார்க்காமலே நோட்டில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருடமாக இப்படிப்பட்ட பிள்ளைகளின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவதுதான் ஜெபக்கனியின் வேலை. பக்கத்தில் போய் நின்றாள்.

“நீ பாக்கவே இல்லியே, எப்படி எழுதினே?”

“எல்லாருக்கும் இதுதான அக்கா வந்திருக்கு. வரவேண்டியதும் இதுதான?” என்றாள் அந்தப் பெண், பயப்படாமல்.

ஜெபக்கனி பேனாவைப் பிடுங்காமல் அடுத்த மேசைக்குப் போனாள்.

மாத்திரையை வெட்டத் தொடங்கிய பதினேழாம் நாள், இரண்டாம் வெயில் அன்று நாற்பது நிமிடத்தைத் தாண்டும் என்று கோயில்பிச்சை அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார். எல்லாரும் சீக்கிரமே வேலையை முடித்துவிட்டு மாடியிலும் வாசல்களிலும் வந்து நின்றார்கள். ஜெபக்கனி தலைவாரி, சேலை மாற்றி, கதவைத் திறந்து வைத்தாள். முந்தைய நாள் சத்தம் நாற்பத்தாறாம் படி வரை வந்திருந்தது. மீதி எட்டு.

வெயில் வந்தது. தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்தது. கீழே முதல் படியில் செருப்பு தட்டியது, இழுத்தது. வாலாட்டும் சத்தத்துக்காக அவள் திரும்பிப் பார்த்தாள். பைலட் கதவுக்கு வரவில்லை. கூடத்தின் நடுவில் முழங்கைகளை அகற்றி வைத்து உட்கார்ந்திருந்தது. படுக்கப் பார்த்தது, முடியாமல் எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து காற்றைக் கடித்துக் கடித்து இழுத்தது. நாக்கு நாவற்பழம் தின்றது போலிருந்தது. மூக்கிலிருந்து இளஞ்சிவப்பாக நுரை இறங்கியது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவள் உதடுகள் எண்ணின, அரை நிமிடத்தில் முப்பதைத் தாண்டின.

படிக்கட்டில் சத்தம் முதல் மாடியைக் கடந்தது. ஒரு செருப்பு தட்டியது, ஒரு செருப்பு இழுத்தது. அது ஏறி முடிக்க இன்னும் இரண்டு நிமிடம் ஆகும், மூன்று நிமிடம் ஆகலாம். மூன்று வருடம் கழித்து மூன்று நிமிடம். பைலட் அவளைப் பார்த்தது, எதையும் கேட்காத, குற்றம் சொல்லாத பார்வை. வழக்கம்போல அவள் ஏதாவது செய்வாள் என்று மட்டும் தெரிந்த பார்வை.

ஜெபக்கனி அதை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்டாமல், படியிறங்கினாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சத்தம் எதிரே வந்தது. அங்கே யாரும் இல்லை, வெயில் மட்டும் காரைச் சுவரில் சதுரமாகக் கிடந்தது. செருப்பு நின்றது. தூசி தட்டும் சத்தம் கேட்டது, கிரேன் மசகெண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை முகத்தில் பட்டது. ஏறி வருபவருக்கு இறங்குபவர் எப்படி வழிவிடுவாரோ அப்படி அவள் சுவரோரமாக ஒதுங்கினாள். பைலட்டின் தலை மட்டும் அவள் தோளில் மெல்லத் திரும்பி, மேலே போகும் சத்தத்தின் பின்னால் போனது. அவள் நிற்கவில்லை. அவள் இறங்க இறங்க அது ஏறியது. அவள் முதல் மாடியில் இருந்தபோது மேலே மூன்றாம் மாடியில், திறந்து கிடந்த கதவுக்கு முன்னால், இரண்டு செருப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிவிடப்படுவது தெளிவாகக் கேட்டது. “ஜெபா” என்று ஒரு குரல் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டது.

அவள் கடைசிப் படியைவிட்டு மண்ணில் இறங்கினாள்.

எச் பிளாக் முழுவதும் வெளியே நின்றிருந்தது. கோயில்பிச்சை தன் வாசலில் கையைக் காதில் குவித்து நின்றார். தொட்டி மேல் பேச்சிமுத்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் வெறும் தரையில் கயிறு பட்டுப் பட்டு எழும் சத்தம், கூடவே மூச்சிரைக்காத, சந்தோஷமான குரல். எழுபத்தாறு, எழுபத்தேழு. அவ்வளவு தூரம் அது ஒருநாளும் போனதில்லை. நாய் குடியிருப்பின் வாசலைத் தாண்டினால் எல்லாம் நின்றுவிடும் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவரும் அசையவில்லை. ஐரின் மட்டும், “எக்கா, வாயெல்லாம் நுரை” என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்து தன் முந்தானையால் பைலட்டின் மூக்கைத் துடைத்தாள்.

“பேச்சி” என்றாள் ஜெபக்கனி. “நான் பாதி மாத்திரைதான் குடுத்தேன் பேச்சி. அவர் ஏறி வந்துட்டாரு. இதுக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

எண்பத்தொண்ணு, என்றது குரல். எண்பத்திரண்டு.

பேச்சிமுத்து தலையை நிமிர்த்தி நாயைப் பார்த்தான். தொட்டியைவிட்டு இறங்கினான். கயிறு தரையில் படும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினான். “நல்லாப் பிடிச்சுக்கிடுங்கக்கா” என்று சொல்லிவிட்டு, கம்பியை இழுத்து வண்டியைக் கிளப்பினான்.